ஒரு சாண் இச்சி

அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், வரதன் வீட்டு மொட்டை மாடியில் இருந்த இச்சி மரம் ஒரு சாண் உயரம்தான். அதன் நிழல் பக்கத்து வீடுகளைத் தாண்டிப் பால் பூத் வரைக்கும் விழுந்தது. சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இது முதலில் தெரியவந்தபோது, மேகம் கூடிவிட்டது என்று நினைத்துத் தெருப் பெண்கள் கொடியிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். பத்து மணிக்கும் வானம் வெளிறிக் கிடந்தது. பிறகுதான் யாரோ கீழே குனிந்து பார்த்து, இது மேகமில்லை, இதில் இலை அசைகிறது என்றார்கள். மத்தியானத்துக்குள் நிழலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றுவிட்டன.

அந்த இடத்தில் முன்பு நிஜமாகவே ஒரு இச்சி மரம் நின்றது. ஆலமரத்துக்குத் தங்கை மாதிரி, விழுது குறைவு, நிழல் அதிகம். ஜெகதாம்பாள் சேக்காட்டிலிருந்து அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த நாள்முதல் அதன் அடியில்தான் இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். வரதனின் முன்னோர்களுக்கு ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. நிலம் மனைகளாகிப் போனபின் வரதன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்குப் புது காம்பவுண்டு எழுப்பினார். இச்சியின் வேர் ஒரே மழைக்காலத்தில் அதைப் பிளந்தது. மரத்தை எடுத்துவிடலாம் என்று தெருவில் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் ஒப்பவில்லை. ஒருநாள் தெரு சாப்பாட்டுக்கு அடங்கியிருந்த உச்சிப்பொழுதில், துளைபோடும் மிஷினால் அடிமரத்தில் ஓட்டை போட்டு, மரத்தைப் பட்டுப்போகச் செய்யும் பெருங்காயத்தைத் திணித்து மெழுகால் அடைத்தார். பொங்கலுக்குள் மரம் மொட்டையானது. ஏதோ நோய் என்று அவரே தெருவில் சொல்லி, அவரே ஆள் வைத்து வெட்டினார். வெட்ட வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார்.

அந்த மாதங்களில்தான் அவருக்குத் தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மோகம் பிடித்திருந்தது. கைப்பேசியில் பார்த்த வீடியோக்கள் எல்லாம், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இச்சிக் கிளை நல்லது, சுலபமாக வேர் விடும் என்று சொல்லின. மரம் முழுக்க வாடுவதற்குள், ஏரிப்பக்கம் மிச்சமிருந்த பச்சைக் கிளையிலிருந்து விரல் பருமனில் சில குச்சிகளை வெட்டிக்கொண்டார். தான் கொன்றுகொண்டிருக்கும் மரத்திலிருந்தே கன்று எடுக்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு அப்போது வரவில்லை. குச்சிகளைச் சாய்வாகச் சீவி, வடிந்த பாலைத் துடைத்து, ஆற்று மணலில் நட்டு, பாலித்தீன் பையால் மூடினார். அதிகமாகத் தண்ணீர் ஊற்றினார். வேர் வந்ததா என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை பிடுங்கிப் பார்த்தார். எல்லாம் அழுகின. மறந்துபோய்ப் பிடுங்காமல் விட்ட ஒன்று மட்டும் துளிர்த்தது.

அதை அகலத் தட்டுத்தொட்டிக்கு மாற்றி, மோட்டார் சுற்றும் செம்புக் கம்பியால் கிளைகளைச் சுற்றி வளைத்தார். கம்பியைக் காலத்தில் எடுக்கத் தெரியாததால் பட்டையில் தழும்பு விழுந்தது. மனைவி கலைவாணி, "பாவம்ங்க, கைல வெலங்கு போட்டாப்ல கீது" என்றாள். மரம் போனபின் வந்த கோடைகளில் கீழே ஜெகதாம்பாள் வண்டியில் ஒரு பழைய குடையைக் கட்டிக்கொண்டு வெயிலில் தேய்த்தாள். ஒருநாள் மயங்கி விழுந்தாள். விழும்போது கை இஸ்திரிப் பெட்டியில் பட்டு வெந்தது. ஒரு வாரம் கழித்து, கட்டுப் போட்ட கையோடு வரதனின் சட்டைகளைத் தேய்த்து அனுப்பினாள். அவர் அவற்றைப் போட்டுக்கொண்டார்.

நிழல் விழுந்த அன்று தெருவில் அதை அடையாளம் கண்டுகொண்ட முதல் ஆள் வரதன்தான். பழைய மரத்தில் கேபிள் டிவிக்காரர்கள் வெட்டிய குட்டைக்கிளை நிழலிலும் அப்படியே இருந்தது. மாடியேறித் தட்டைத் திருப்பி வைத்தார். நிழல் திரும்பவில்லை. நுனி கிள்ளினார், தலைக்கிளையை நறுக்கினார். நிழலில் ஓர் இலைகூடக் குறையவில்லை. குளியலறையில் பூட்டி வைத்தார். குளியலறை இருட்டானது, தெருவில் நிழல் இன்னும் குளிர்ந்தது. மரத்தைக் குத்தம்பாக்கத்தில் இருக்கும் மைத்துனன் தமிழரசுக்குப் பரிசாகக் கொடுத்தார். மறுநாளே அவன் தட்டை வண்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"மாமா, நெழலு இன்னும் உங்க தெருவுலதான் கீதுன்னு அக்கா போன்ல சொல்லுது. தண்ணி ஊத்தறது நானு, நெழலு உங்களுக்கா? நீங்களே வெச்சிக்கோங்க."

பிடுங்கி எறியக் கை வரவில்லை. அதனால் அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். தட்டு ஆழமில்லாதது, அக்கினி வெயிலில் இரண்டு நாள் தாங்காது. இரண்டாம் நாள் மதியம் மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தார். தெருவில் நிழல் சுருங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோக்கள் போய்விட்டிருந்தன. ஜெகதாம்பாள் மட்டும், சுருங்கச் சுருங்க வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசியில் வண்டி உள்ளே இருந்தது, அவள் வெயிலில் இருந்தாள். வரதன் ஓடிப்போய்த் தண்ணீரை வாளியோடு தட்டில் கவிழ்த்தார். பிறகு ஈரக் கையோடு படியிறங்கித் தெருவுக்கு வந்தார்.

"ஜெகதாம்மா, அந்த மரம் நோவுல சாவல. நான்தான்..."

அவள் பெட்டியை நிறுத்தவில்லை. "தெரியும்ண்ணே. நீங்க ஓட்ட போடறப்ப நான் வண்டி அடியிலதான் படுத்துகினு இருந்தேன்."

"அப்ப ஏன் யாராண்டயும் சொல்லல?"

"சொன்னா, கலைவாணிக்கா எங்கிட்ட துணி குடுத்தனுப்புமா? உங்க ஊடு, உங்க வாடக ஊடு மூணு, அவங்க துணியெல்லாம் போயிடும். மரந்தான் போச்சு, துணியாச்சும் இருக்கட்டும்னு உட்டேன்." சட்டைக் கையை மடித்து நீவினாள். அது அவருடைய சட்டைதான்.

"நா இப்ப இன்னா பண்ணணும், சொல்லு."

"வேள தவறாம தண்ணி ஊத்துங்க. அது வாடிகினு கீது."

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரிக்கு எல்லோரும் குடத்தோடு நின்றபோது, வரதன் அவர்கள் முன்னால் நின்று, துளைபோட்டதையும் பெருங்காயத்தையும் சொன்னார். யாராவது திட்டுவார்கள், காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டு வேம்புலி, "சரி நைனா, லாரி வந்துடுச்சு, நவுரு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரிடம் அதைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம் என்று அவர் கலைவாணியிடம் பல தடவை சொன்னார்.

வருடங்கள் போயின. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்ததால் வரதன் பூந்தமல்லியில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. கம்பியைக் காலத்தில் கழற்றவும், வேரை அளவாக நறுக்கவும், மண் மாற்றவும் கற்றுக்கொண்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்துக்கு இச்சி நிழல் ஸ்டாப் என்று பேர் வைத்தார்கள். ஆடியில் நிழலில் பழம் பழுத்து, தெருவில் கறை விழுந்தது. கூட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கூட்டினார்கள். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் மரம் எங்கே என்று கேட்டால், மாடியில் என்று பிள்ளைகள் கையைக் காட்டிவிட்டு விளையாடப் போனார்கள்.

வரதன் மட்டும் அந்த நிழலில் கால் வைத்ததில்லை. கடைக்குப் போகும்போது எதிர்ச்சாரிக்கு மாறி, வெயிலின் ஓரமாகவே நடப்பார். ஒரு வைகாசி மதியம் ஜெகதாம்பாள், "இந்தப் பக்கம் வாங்கண்ணே, தல காயுது" என்று கூப்பிட்டாள். "பரவால்லம்மா" என்று சொல்லி அவர் நடந்தார். அவள் மறுபடி கூப்பிடவில்லை. வண்டியின் மேல், குளிர்ந்த நிழலில், அவருடைய சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன.