முகம் காட்ட வந்தவர்கள்

மேடை என்றாலே சுகிர்தாவுக்குக் கை வியர்த்துவிடும். நானூறு மீட்டரில் நாட்டுக்காக ஓடிப் பதக்கம் வாங்கியவள், தாயில்பட்டியில் தான் படித்த பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் நாலு வார்த்தை பேச இந்தப் பாடு பட்டாள். தலைமையாசிரியர் லட்சுமிகாந்தம் வரவேற்புரை என்று மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர் சொன்னபோதெல்லாம் கைதட்டினார்கள். முடித்துத் தொலைப்பாரோ என்று சொல்லாதபோதும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்கள். மனிதர் அசையவில்லை.

சுகிர்தா கையில் தாள் இருந்தது. உழைப்பு, ஒழுக்கம், தோல்வியில் துவளாமை என்று எல்லா ஊரிலும் பேசுவதுதான். கடைசி வரி, பயத்தை ஜெயித்தவர்களே ஓட்டத்திலும் ஜெயிக்கிறார்கள் என்பது. எழுதும்போதே கூச்சமாக இருந்தது. அது பச்சைப் பொய் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் மற்றவர்களுக்கு முன்னால் எப்படிக் கிளம்புகிறீர்கள் என்று பேட்டி எடுப்பவர்கள் தவறாமல் கேட்பார்கள். பயிற்சி என்பாள். பயிற்சியாவது மண்ணாவது! வெடிச்சத்தம் கேட்டால் அவளுக்குக் கால் தானாகக் கிளம்பிவிடும். இத்தனை வருஷமாகப் பயந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

ஒருவழியாக மைக் அவள் கைக்கு வந்தது.

"நான் கத்துக்கிட்ட முதல் பாடம்..." என்று தொடங்கினாள். அப்போதுதான் வெடித்தது.

பட்டாசுக் கம்பெனிகளில் சரக்கைச் சோதிக்க வெடித்துப் பார்ப்பது அன்றாடம் நடக்கும். அதற்கு இந்த ஊரில் நாய்கூடத் தலை தூக்காது. இது அப்படியில்லை. முதலில் பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்தது, பிறகுதான் சத்தம் வந்தது. மேடைக்கு மேலே போட்டிருந்த தகரம் சடசடத்தது.

ஒரு பிள்ளைகூட அலறவில்லை. எல்லோரும் எழுந்து, ஒரே திசையில் திரும்பி நின்றார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கரும்புகை கிளம்பியிருந்தது. வெளியூர் ஆள் யாராவது பார்த்தால் ஏதோ உறுதிமொழி எடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பான்.

காவலாளி பாண்டிமுருகன் ஓடிப்போய் கேட்டைப் பூட்டினார். இங்கே அதுதான் வழக்கம். வெடித்த இடத்தில் மறுபடியும் வெடிக்கும், பிள்ளைகள் தாயைத் தேடி அங்கே போய்விடக் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. மற்றக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் போட்டது போட்டபடி கிளம்பி, பள்ளிக்கூட வாசலுக்கு ஓடிவருவார்கள். முகம் காட்டுவது என்று அதற்குப் பெயர். தாய் முகத்தைப் பார்த்த பிள்ளை வகுப்புக்குப் போய்விடும். பார்க்காத பிள்ளை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சுகிர்தா மனதைத் தேற்றிக்கொண்டாள். அவள் அம்மா பாண்டிமீனா பட்டாசு வேலையை விட்டு நாலு வருஷமாகிறது. மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். இப்போது திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டர் அடுக்குகிறாள். எதற்கும் கேட்டுவிடலாம் என்று போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை.

அச்சகத்தில் போனை இடுப்பில் செருகிக்கொண்டே வேலை பார்க்கலாம். பட்டாசுக் கம்பெனியில்தான் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

காலையில் காபி டம்ளரை நீட்டிய அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. நகக்கண்ணில் சாம்பல் நிறம் படிந்திருந்தது. அச்சு மை என்றாள். எந்த அச்சு மை வெயிலில் அப்படி மினுங்கும்? அது பட்டாசில் போடும் அலுமினியப் பவுடர். சீசன் வேலைக்கு அம்மா திரும்பிப் போயிருக்கிறாள். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

தோளில் போர்த்தியிருந்த பொன்னாடை விழுந்தது தெரியாமல் மேடையிலிருந்து குதித்துக் கேட்டுக்கு ஓடினாள்.

ஒன்பதாம் வகுப்பில், இப்படி வெடித்த ஒரு நாள், இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றைக்கு எல்லோருடைய அம்மாவும் வந்தார்கள், அவள் அம்மா வரவில்லை. பொறுக்க முடியாமல் சுவரேறிக் குதித்து, வெறுங்காலோடு அம்மாவின் கம்பெனிக்கு மூன்று கிலோமீட்டர் ஓடினாள். அம்மா, தப்பி ஓடும்போது பள்ளத்தில் விழுந்து கணுக்கால் முறிந்து, வேலிமுள்ளுக்குள் கிடந்தாள். உயிர் இருந்தது. சைக்கிளில் விரட்டி வந்தும் பிடிக்க முடியாத விளையாட்டு வாத்தியார்தான் மறுமாதமே அவளை விருதுநகரில் நடந்த மாவட்டப் போட்டிக்கு அனுப்பினார். அன்றிலிருந்து எந்த மைதானத்தில் ஓடினாலும் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா முள்ளுக்குள் கிடப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றும். அதை எந்தப் பேட்டியில் சொல்வது?

"அண்ணே, கேட்டைத் திறங்க. எங்கம்மா அங்கன இருக்காக."

"மாட்டேன் தாயி. ரெண்டாவது வெடிச்சாலும் வெடிக்கும்."

"சுவரேறிக் குதிச்சிருவேன்ண்ணே."

"குதிப்ப. எனக்குத் தெரியாதா? கொஞ்சம் திரும்பிப் பாரு."

திரும்பினாள். அறுநூறு பிள்ளைகள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் நின்ற பெரிய பையன்கள் ஏற்கெனவே கைலியை மடித்துக் கட்டுவது போலக் கால்சட்டையை ஏற்றிவிட்டிருந்தார்கள். அவள் ஒரு கால் தூக்கினால் போதும், அத்தனையும் பின்னால் குதிக்கும்.

சுகிர்தா நின்றாள். ஓடுவதற்கு உடம்பெல்லாம் துடித்தது. வெடிச்சத்தம் கேட்டு ஓடாமல் நிற்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை, நிற்பது இவ்வளவு கொடுமை என்று அவளுக்குத் தெரியாது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாலை வளைவில் முதல் பெண்கள் தெரிந்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

"ஏலே தருணு, இந்தா இருக்கேன்லே! போயி உக்காரு!"

"ஒண்ணுமில்ல தாயி, அழுவாத. நம்ம கம்பெனி இல்ல."

சுகிர்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இல்லை. அடுத்த கூட்டம் வந்தது. அதிலும் இல்லை. முகம் பார்த்த பிள்ளைகள் கலைந்துகொண்டே போனார்கள். எனக்கு ஒரு பதக்கமும் வேண்டாம், எங்கம்மாவைக் காட்டிவிடு என்று எந்தச் சாமியைக் கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டாள்.

கடைசியாக, காலை இழுத்து இழுத்து ஒருத்தி ஓடி வந்தாள். முழங்கை வரை வெள்ளியாக மினுங்கியது.

"அம்மா!"

பாண்டிமீனா கேட்டில் வந்து மோதி நின்றாள். மூச்சு வாங்கினாள்.

"கோவிச்சுக்கிடாத தாயி. அச்சாபீசுல இப்ப வேலையில்ல. வீட்டுல சும்மா கெடக்க முடியல."

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியேம்மா!"

"பண்ணுனேன். கையக் கழுவிட்டு அப்புறமா வந்திருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா நீ இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பியே. அதான் அப்படியே ஓடியாந்தேன்."

சுகிர்தா கம்பிக்குள் கைவிட்டு அம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திட்டினாள், மறுபடி அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பக்கத்தில் யாரோ நிற்பது உறைத்தது.

ஆறாம் வகுப்புப் பிள்ளை. ஓட்டப் பந்தயத்துக்காகச் சட்டையில் எண் குத்தியிருந்தது. மற்ற எல்லோரும் போய்விட்டார்கள். இவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆளில்லாத சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தாவுக்குத் தன் சந்தோஷம் வெட்கமாகிவிட்டது.

"உன் பேரென்னம்மா?"

"பிரீத்திகா."

"நீ யாரு மக தாயி?" என்று கேட்டாள் பாண்டிமீனா.

"பத்திரகாளி மக."

"அம்மாவுக்கு எந்தக் கம்பெனி?"

"கண்மாய்க்கரைக் கம்பெனி."

பாண்டிமீனா புகையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கம்பிக்குள் கைவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுகிர்தா இந்தப் பக்கம் குனிந்து மற்றக் கையைப் பிடித்தாள். அது சில்லிட்டிருந்தது.

பெரியவர்கள் இருவரும் அழுவதைப் பார்த்துப் பிரீத்திகா சமாதானம் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு ஒங்க மாதிரி ஓடத் தெரியாதுக்கா. மெதுவாத்தான் வரும்."