கோடு வரைக்கும்

மனித நாகரிகம், வாயில் ஊறியதை விழுங்கக் கற்றுக்கொண்ட நாளில்தான் தொடங்கியது என்று சுகாதார ஆய்வாளர் பதினெட்டு வருடமாகக் கூட்டந்தோறும் முழங்கிவருகிறார். ஊரெங்கும் 'எச்சில் துப்பாதீர்' பலகை அடித்த புண்ணியவானும் அவரே. அவர்தான் இன்று ஆஸ்பத்திரியில் மகள் முன்னால் குனிந்து, "துப்பும்மா கண்ணு, கொஞ்சமாச்சும் துப்பு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பதினான்கு வயது. அவள் உடம்புக்குத் தன் ரத்தத்தைத் தானே சரியாகச் செய்துகொள்ளத் தெரியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தம் ஏறுகிறது. அதோடு வரும் இரும்பு வெளியேற வழியில்லாமல் முதலில் ஈரலில் படியும், அப்புறம் இதயத்தில். அதை இழுத்துக்கொண்டு போகத்தான் தினமும் மாத்திரை. எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை ஊசி குத்தாமல் எச்சிலிலேயே பார்க்கும் சோதனையை இங்கே புதிதாக முயன்றுபார்க்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் வழக்கமாக ரத்தம் ஏற்றிக்கொள்ளும் கல்லூரிக்காரப் பெண்ணை இரண்டு மாதமாகக் காணோம். ஏன் என்று அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை.

"வாயெல்லாம் காஞ்சு கெடக்குப்பா. வரல."

"எலுமிச்சம்பழத்த நெனச்சுக்கோ."

"நெனச்சேன். அந்த அக்கா ஞாபகந்தான் வருது."

அவர் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்தார். குழாயில் கோடு வரைக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டு லேப்காரப் பெண் வெளியே போயிருந்தாள். அடியில் கொஞ்சம் நுரை, அவ்வளவுதான். நிரப்பாத படிவம் திரும்பி வரும் என்பது உத்தியோகம் அவருக்குக் கற்றுத்தந்த ஒரே பாடம். சுவர்ப் பக்கம் திரும்பி, கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு, குறையை அவரே தீர்த்துவைத்தார்.

"ஐயய்யே! அப்பா!"

"சும்மா இரு. ஒரே குடும்பந்தானே."

மதியம் டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. "இரும்பு நல்லாவே கொறஞ்சிருக்கு சார். மாத்திரையப் பாதியாக்கிடலாம். இதய ஸ்கேனும் இப்போதைக்கு வேண்டாம்." பேனா சீட்டில் இறங்கியது.

மேசைக்கடியில் மகளின் செருப்பு அப்பாவின் காலை மிதித்தது. நிமிர்ந்தார். டாக்டர் தலைக்கு மேலே, இவரே கையெழுத்துப் போட்ட 'எச்சில் துப்பாதீர்' பலகை. கண்ணுக்குள் அந்தக் காலி நாற்காலி. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

"டாக்டர்... அதுல ஒரு சொட்டு... என்னோடது."

பேனா நின்றது. "ஒரு சொட்டா?"

மகள் தரையைப் பார்த்தாள். டாக்டர் குரல் கொடுக்க, புதுக் குழாயோடு லேப்காரப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

பழைய குழாயில் முக்கால்வாசி அவருடையது.