மாப்பிள்ளைக்குச் சொல்லாத பேர்

பங்குச் சாமியார் தெரியாத்தனமாக இந்த வேலையை இராயப்பனிடம் கொடுத்துவிட்டார். கோவிலின் நூற்றாண்டு மலருக்காகக் குருசுக்குப்பத்துத் தெரு, சந்து, பழைய கட்டடம் எல்லாவற்றையும் ஜனங்கள் வாயில் புழங்கும் பேரிலேயே எழுதித் தர வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவருக்கு இது போதாதா? தொப்பியும் நோட்டுமாகக் கிளம்பிவிட்டார். ஒரு பாழுங்கிணற்றுக்கு மூன்று பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். ஒரு வாரத்தில் சாமியாரே அவரைக் கண்டால் வேறு வழியாக நடக்க ஆரம்பித்தார்.

மாமனார் ரஃபாயேல் வாழ்ந்த சந்துக்கு வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அங்கே இருப்பதே ஆறு வீடு. முதல் வீட்டில் மாதா சந்து என்றார்கள். அடுத்த வீட்டில் முருங்கைமரச் சந்து. மரம் எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிந்தார்கள். மூன்றாவது வீட்டில் காபியைக் கொடுத்துப் பேச்சை மாற்றினார்கள். கேட்பவர் அந்தச் சந்துக்கே மாப்பிள்ளை. உள்ளதைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

கடைசி வீட்டில் மீன் விற்கும் செல்வாம்பாள்தான் போட்டு உடைத்தாள். "ஓடிப்போனவ சந்துன்னு எழுதிக்குங்க மாப்ள. ஊருக்கே தெரியும்."

இராயப்பனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுபத்தொன்றில் அந்தச் சந்திலிருந்து அவரோடு ஓடிப்போனவள் அவர் மனைவி ஜூஸ்தின்தான். அதன்பிறகு ரஃபாயேல் மகள் முகத்தில் விழிக்கவில்லை. பாரீசிலிருந்து அவள் போட்ட கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. தொண்ணூற்றேழில் கிழவர் போய்ச் சேர்ந்தார். சாகிறவரைக்கும் அப்பா என் பேச்சையே எடுக்கவில்லையே என்று ஜூஸ்தின் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். அவளிடம் போய் இந்தப் பேரை எப்படிச் சொல்வது? அச்சில் வந்தால் அவள் படிக்காமல் இருப்பாளா? பேசாமல் மாதா சந்து என்றே எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். ஆத்திரம் அடங்காமல், எவன் வைத்த பேர் இது என்று அதட்டவும் செய்தார்.

"வேற யாரு, உங்க மாமனாருதான்" என்றாள் செல்வாம்பாள். "யாரு வழி கேட்டாலும், எம் பொண்ணு ஓடிப்போனாளே, அந்தச் சந்துன்னுதான் சொல்லுவாரு. தபால்காரரு, பால்காரரு, ஓட்டுக் கேக்க வந்தவன், ஒருத்தனையும் விடல. திட்டிக்கிட்டேதான் சொல்லுவாரு. ஆனா சொல்லாத நாளு கெடையாது மாப்ள."

இராயப்பன் பேனாவை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சமையலறை வாசலில் நின்று, தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். ஜூஸ்தின் அடுப்பை அணைத்தாள். வெடிக்கப் போகிறாள் என்று அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். அவளோ சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு மளமளவென்று கண்ணீர் வந்தது.

"அப்போ இருபத்தாறு வருஷமும் என் பேச்சாவேதான் இருந்திருக்காரு" என்றாள். "எழுதுங்க. நல்லா பெரிசா எழுதுங்க."