மேல்தளத்துச் சலவைக்கல்

உல்லாசக் கப்பலின் உச்சித் தளத்தில் சலவைக்கல் பதித்த நடன அரங்கு வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். அவ்வளவு பாரம் மேலே ஏறினால் கப்பல் அலையில் அதிகமாகச் சாயும் என்று சொன்ன ஒரே ஆள் வடிவமைப்பாளர் கலையரசன்தான். அழகும் கெடக்கூடாதென்று அரங்கைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, உயரமான கண்ணாடிச் சன்னல்களோடு புதிதாக வரைந்தான். திங்கட்கிழமை மெட்ராஸ் ஆபீசில் அதைக் காட்ட வேண்டும்.

அதற்குள் அம்மாவைப் பார்க்கச் சங்கராபுரம் வந்தவன் மாட்டிக்கொண்டான். இடஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சி சாலை நெடுக புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறியலில் அவன் அண்ணன் வீரமுத்துவும் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, என்னை மட்டும் எப்படியாவது அனுப்பி வுடு."

"நான் இன்னாடா பண்ணுவேன்? இங்க வுட்டாலும் விழுப்புரம் வரைக்கும் மரந்தான் கெடக்குது. உம் புள்ளைங்களுக்கும் சேத்துத்தான்டா உக்காந்துகினு இருக்கோம்."

கலையரசன் ஆபீசுக்குப் போன் போடக் கிளம்பினான். தபாலாபீசில் காத்துக் கிடந்தும் புதன்கிழமைதான் மெட்ராஸுக்கு லைன் கிடைத்தது.

"சலவைக்கல்லே முடிவாயிடுச்சு சார்," என்றாள் ஆபீசில் கூட வேலை பார்க்கும் மலர்விழி. "எதிர்த்துப் பேச நீங்க இல்லையே. கல்லுக்கு ஆர்டரும் போயிடுச்சு."

வெளியே நின்றிருந்த வீரமுத்து விவரம் கேட்டுவிட்டு, "கப்பல் கவுந்துடுமாடா?" என்று கேட்டார்.

"கவுறாதுண்ணே. புயல்ல மாட்டுனா உள்ள இருக்கறவங்க நிக்க முடியாம உருளுவாங்க."

"எடுத்துச் சொல்லி எழுதிப் போடேன்."

"தபால் போய்ச் சேர்றதுக்குள்ள கல்லு வந்து எறங்கிடும்ணே."

வீரமுத்து தம்பியின் தோளில் கை வைத்தபடி நின்றார்.