நெடுக்குக் கோடு

அந்தத் தறிக்கூடத்தில், சேலையில் விழுந்த பழுது யாருடைய கையால் விழுந்தது என்று எவரும் கேட்பதில்லை. "கரண்டு போயிட்டு" என்றால் போதும். சேலை, விலை குறைத்து விற்கும் செகண்ட்ஸ் கட்டுக்குப் போய்விடும், பேச்சும் அத்தோடு நின்றுவிடும். எங்கும் எழுதி ஒட்டப்படாத இந்த விதியை மேலாளர் காசிராஜன்கூட மீறியதில்லை.

நெய்த சேலையில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலைக்கான நேர்முகத்தை முடித்துக்கொண்டு தறிக்காரன் ராஜதுரை வெளியே வந்தான். அவன் முகத்தைப் பார்த்து, அடுத்து உள்ளே போகக் காத்திருந்த வேல்விழியால் ஒன்றும் ஊகிக்க முடியவில்லை.

"என்னண்ணே கேட்டாவ?"

"படிப்பக் கேக்கல, ஊரக் கேக்கல. நீங்க தப்புப் பண்ணின ஒரு சமயத்தச் சொல்லுங்கன்னாவ. கரண்டு போனதச் சொன்னேன். அப்ப நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்காவ."

"என்ன சொன்னிய?"

"வார வரைக்கும் டீ குடிச்சேன்னேன். அந்தம்மா அதையும் எழுதிக்கிட்டாவ, ஏட்டி."

வேல்விழி சிரிக்கவில்லை. ஆறாண்டுத் தறிச்சத்தத்தில் அவளுடைய வலது காது மந்தமாகியிருந்தது. தறியைவிட்டு விலகாவிட்டால் இடதும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். செக்கிங் அறை கூடத்துக்கு வெளியே இருந்தது. அங்கே காலியாக இருந்ததோ ஒரே வேலை.

ஆனால் தப்புச் செய்ததாகச் சொல்பவளைப் பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு யார் எடுப்பார்கள்? செய்யவே இல்லை என்றால் நம்புவார்களா? இது கேள்வியா, பொறியா என்று விளங்காமலே அவள் உள்ளே போனாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஹஸ்னா பானு அச்சிட்ட தாளைப் பார்த்து, ராஜதுரையிடம் கேட்டதையே கேட்டார். பக்கத்திலிருந்த காசிராஜன் நாற்காலியில் நெளிந்தார். அந்தத் தாள் அவருக்கும் விளங்கவில்லை என்பது தெரிந்தது.

"ஆடி மாசம் ஒரு பாவுல நெஞ்ச சேலை முழுக்கச் செகண்ட்ஸ் ஆச்சுல்லா, அதச் சொல்லும்மா" என்று அவர் எடுத்துக்கொடுத்தார். "கரண்டு படுத்தின பாடு, மேடம்."

உதவுகிறாரா, எச்சரிக்கிறாரா? வேல்விழி அவரைப் பார்த்தாள்; அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி, கரண்ட் போச்சு. அப்போ நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார் ஹஸ்னா பானு.

கரண்டு செய்ததை விவரிக்கலாம். அதன் நடுவே தான் செய்ததாக எதைச் சொல்வது? ராஜதுரைக்கு டீயாவது கிடைத்திருந்தது. ஹஸ்னா பானு பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தாத அந்தக் காத்திருப்புதான் அவளை மேலும் குழப்பியது. ஆறாண்டுகளில் அந்தக் கூடத்தில் அவளிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"மேடம், கரண்டு போனா சேலையில குறுக்கத்தான் கோடு விழும்" என்றாள்.

"வேல்விழி," என்றார் காசிராஜன், மெதுவாக.

"இருங்க அண்ணாச்சி, சொல்லிருதேன். அது நெடுக விழுந்த கோடு, மேடம். பாவுல நெடுக ஓடுத இழையில ஒண்ணு அறுந்தாதான் அப்படி விழும். அன்னைக்குக் கரண்டு போகவே இல்ல. இழை அறுந்தத நான் பார்த்தேன். பார்த்துட்டும், நிறுத்தி முடிச்சுப் போடாம தறிய ஓடவிட்டேன்."