மேல்வீட்டுக் குதியாட்டம்

நர்ஸம்மாவுக்குப் பகல்தான் ராத்திரி. ஆஸ்பத்திரியில் விடிய விடியக் கண் விழித்துவிட்டு வந்து படுத்தால், அந்த நேரம் பார்த்துத்தான் மேல்வீட்டு அக்கா பாட்டைப் போடுவாள். உடம்பைக் குறைக்கச் சொல்லித்தரும் வகுப்பாம். கூடத்தில் ஒரு கூட்டமே சேர்ந்து தொம் தொம்மென்று குதிக்கும். அங்கே யார் உடம்பு குறைந்ததோ தெரியாது, கீழே நர்ஸம்மாவின் உடம்புதான் துரும்பாகிக்கொண்டிருந்தது.

கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள், பலனில்லை. போன வாரம் தூக்கக் கலக்கத்தில் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். கடைசி நொடியில் சுதாரித்துக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதாள். இன்னும் இங்கே இருந்தால் யார் உயிராவது போய்விடும் என்று பயந்தே போனாள்.

காலி செய்யலாமென்றால் வாடகை ஒப்பந்தம் காலைக் கட்டியது. ஒரே ஒரு வழிதான் உண்டு என்றார் வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர்: நிம்மதியாகக் குடியிருக்க முடியாத அளவுக்குச் சத்தம் இருக்கிறதென்று வீட்டுக்காரரே ஒத்துக்கொண்டால் பாதியில் கிளம்பலாம். அந்த மனுஷனா ஒத்துக்கொள்வார்? மேலே முதல் வரிசையில் நின்று குதிப்பதே அவர் சம்சாரம். வகுப்பை நிறுத்தச் சொன்னால் வீட்டில் அவருக்குச் சோறு கிடைக்காது. நர்ஸம்மாவை விட்டுவிட்டாலோ, அந்த இடிச் சத்தத்துக்கு அடியில் வேறு எந்த இளிச்சவாயன் குடிவருவான்? ஆகவே கூப்பிட்ட போதெல்லாம் வந்து உட்கார்ந்து, தமக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லையென்று சாதித்துவிட்டுப் போவார்.

அன்று புரோக்கரையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பேசினாள். அப்போதும் அதே பல்லவிதான். எழுந்திருக்கும் முன் வீட்டுக்காரர் கையை நீட்டினார். பிரஷர் என்றால் அவருக்கு உயிர்ப் பயம், ஓசியில் பார்த்துச் சொல்ல நர்ஸம்மா இருக்கிறாளே.

அவள் வழக்கமாகப் பார்க்கும் பேட்டரி மெஷினை எடுக்கவில்லை. காற்றடித்து, காதில் குழலை மாட்டிக் கேட்கும் பழைய கருவியை எடுத்தாள். பட்டையைச் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்தாள். மேலே தொம் தொம். முகத்தைச் சுளித்தாள். மறுபடி காற்றடித்தாள். இன்னொரு கையை வாங்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னம்மா?" வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது.

"துடிப்பே கேக்கல சார். ரெண்டு கையிலயும் கேக்கல."

"ஐயோ, நல்லாப் பாரும்மா."

"வீடுதான் அமைதியா இருக்கே சார். துடிப்பு இருந்தா கேக்கணுமே."

அவர் கூரையைக் காட்டிக் கத்தினார். "எப்படிம்மா கேக்கும்? மேல இந்தக் குதி குதிக்கிறாளுங்க, பேசுறதே கேக்கல, துடிப்பு எங்க கேக்கும்?"

புரோக்கர் மெல்லச் செருமினார். "இதை நானும் கேட்டுட்டேன் சார்."

வீட்டுக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. இனி மழுப்பி என்ன பிரயோஜனம்? மாசக் கடைசியில் காலி செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். நர்ஸம்மாவுக்கு அந்த இடத்திலேயே படுத்துவிடலாம் போலிருந்தது. பட்டையைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அப்போ என் பிரஷர்?" என்றார் அவர், கையை மடக்காமலே.

"புது வீட்டுக்கு வாங்க சார். தூங்கி எந்திரிச்சுப் பாத்துச் சொல்றேன்."