குப்பத்து அந்திமந்தாரை நிறம் மாறியது

ஆடி மூன்றாம் ஞாயிறன்று கோயம்பேட்டிலிருந்து குட்டி யானை வண்டியில் வந்த நாற்பது கிலோ மஞ்சள் சாமந்தி, எர்ணாவூர் மேம்பாலத்தைத் தாண்டியதும் இதழுக்கு இதழ் பாதி சிவந்துபோனது. டிரைவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கழிமுகத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் அம்மனுக்குப் போகும் பூத்தட்டில் மஞ்சள் அந்திமந்தாரைதான் வைப்பார்கள். கல்யாணமாகாத பெண்கள் தங்கள் வாசலில் பூத்ததைப் பறித்துச் சுமப்பது வழக்கம். அந்தக் குப்பத்துப் பெண் செங்கொடி கட்டிக்கொண்டதோ வெளியாளை, வியாசர்பாடி அன்புமணியை; துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவர்கள் மகள் ஜோதிகா தட்டு எடுக்கக் கூடாது என்று ஊர்த் தலைவர் நீலமேகம் தையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர்கள் வாசல் செடி ஒன்றிலேயே மஞ்சள், சிவப்பு, இரண்டும் தெளித்தது என்று கலந்து பூக்கிறது, இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்பது அவர் கட்சி. செடியைப் பிடுங்கச் சொன்னார், பிடுங்கினார்கள். அக்கிரமம்தான், வேறென்ன சொல்வது?

மறுநாள் மாலை நாலு மணிக்குக் குப்பத்தின் அத்தனை மஞ்சள் செடிகளும் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு பூத்தன. வெட்ட வெட்ட இன்னும் அடர்ந்தன. தலைவர் வீட்டில் பாதிக்குப் பாதி. மஞ்சள் விதையை மட்டும் பொறுக்கி விதைக்கலாம் என்று நாலு ஆண்கள் முறத்தோடு இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். அந்திமந்தாரை விதை எந்தச் செடியில் எடுத்தாலும் மிளகாட்டம் கறுப்புதான். அதனால்தான் கோயம்பேட்டுக்கு ஆள் போனது.

பூத்தட்டு புறப்படும் இடத்தில் மேளம் அடித்துக்கொண்டிருக்க, கல்லூரியில் தாவரவியல் படிக்கிற ஜோதிகா வந்திறங்கிய சாமந்திக் கூடையைக் கிளறினாள்.

"மாமா, அந்திமந்தாரைல மஞ்சளும் செவப்பும் ஒரே சரக்குலருந்துதான் வருது. செடிக்குள்ள அது எதோட சேருதோ அந்தக் கலரு. பூவுக்குப் பூவு மாறும். இதுல குத்தம் இன்னா கீது?" என்றாள். "சாமந்திக்கு சாயமே வேற. அது ஏன் மாறுச்சுன்னு எனக்கும் தெரியாது."

"மஞ்சப் பூ இல்லாம தட்டு ஏறாது," என்றார் நீலமேகம். மேளம் நின்றது.

செங்கொடி கூடையைத் தட்டில் கவிழ்த்து மகள் தலையில் ஏற்றினாள். "அப்ப தட்டே இல்லன்னு ஆத்தாகிட்ட நீயே சொல்லிக்க, அண்ணே. பூ இன்னா கலர்ல வந்துச்சோ அந்தக் கலர்லதான் எம்பொண்ணும் வருவா."

யாரும் அனுமதி கொடுக்கவில்லை. ஜோதிகா கேட்கவுமில்லை. நடந்தாள், மற்ற பெண்கள் பின்னால் போனார்கள், கடைசியில் மேளமும் போனது. அடுத்த ஆடியிலிருந்து தட்டெடுக்கும் பெண்ணின் தகப்பன் ஊரை யாரும் விசாரிப்பதில்லை. மஞ்சள் அந்திமந்தாரை கிடைக்குமா என்று இப்போது அங்கே போய்க் கேட்டால், அப்படி ஒன்று உண்டா என்கிறார்கள்.